சேலத்திலிருந்து பாண்டி: ஐந்து பேர், ஒரு கார், இரண்டு இரவு

அஸ்தம்பட்டி:

பிப்ரவரி இரண்டாவது வாரம் சனி, ஞாயிறு, திங்கள் பாண்டிச்சேரி போகலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேர், அம்மா (68 வயசு, முழங்கால் வலி), பையனுக்கு 9, பொண்ணுக்கு ரெண்டரை. சொந்த வண்டி, பெட்ரோல்.

காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குப் போய்ச் சேர்ந்து, அன்னைக்கே பாதி இடத்தைப் பார்த்து முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். கடற்கரை, ஆசிரமம், ஆரோவில், படகு, மியூசியம் இதெல்லாம் லிஸ்ட்ல இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு அங்கிருந்து கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு. இதுல எது சரி, எது தப்புன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆத்தூர் பைபாஸ்:

கிளம்புற நேரம், திரும்புற நேரம் ரெண்டையும் மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

சேலம்-உளுந்தூர்பேட்டை ரோடு கிட்டத்தட்ட நேர் கிழக்கே போகுது. பிப்ரவரியில சேலத்துல 6.40 ஒட்டி சூரியன் வரும். 6 மணிக்கு அஸ்தம்பட்டியில கிளம்பினா வாழப்பாடி நெருங்கும்போது வெயில் முன் கண்ணாடிக்கு நேரா அடிக்கும். அங்கிருந்து பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம்னு எட்டரை மணி வரைக்கும் கண்ணைச் சுருக்கிக்கிட்டே ஓட்டணும். திரும்பும்போதும் இதே கதைதான். 4 மணிக்குப் பாண்டியில கிளம்பினா உளுந்தூர்பேட்டையில மேற்கே திரும்புற நேரத்துல சூரியன் இறங்கி எதிர்ல நிக்கும்.

சாதாரண நாலு வழிச் சாலையா இருந்தா இதைச் சமாளிச்சுக்கலாம். இந்த ரோட்டை முதல்ல போட்டப்போ ஊர்களைச் சுத்திப் போற பைபாஸ் எல்லாத்தையும் ரெண்டு வழியாத்தான் போட்டாங்க. நாலு வழியில 90ல வர்றவன் பைபாஸ் வாயில நுழைஞ்சதும் நடுத்தடுப்பு மறைஞ்சுடும், எதிர் வண்டி அதே தார்ல வரும். நேருக்கு நேர் மோதல்கள் நடந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இடங்கள்லதான். அகலப்படுத்துற வேலையை எடுத்திருக்காங்க, ஆனாலும் முடிஞ்ச பைபாஸ், முடியாத பைபாஸ், மண்ணைக் கொட்டி ஒரு பக்கம் திருப்பி விட்ட பைபாஸ்னு மூணும் கலந்து வரும்னு நினைச்சே ஓட்டுங்க. கண்ணுல வெயிலும், எதிர்ல வண்டியும், நடுவுல தடுப்பு இல்லாத ரோடும் ஒண்ணா சேரக் கூடாது.

காலை 8.30க்குக் கிளம்புங்க. வாழப்பாடி தாண்டும்போதே சூரியன் மேலே போயிருக்கும். மதியம் ஒரு மணி வாக்கில் பாண்டி. ரூம் பெரும்பாலும் 12 மணிக்கு மேலதான் கொடுப்பாங்க. 10 மணிக்கே போய்ச் சேர்ந்தா அம்மாவையும் ரெண்டரை வயசுக் குழந்தையையும் வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் காருக்குள்ள உட்கார்ந்திருக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை:

ஆத்தூர் அண்ணா சொல்றது சரி, ஆனா விடிகாலை 4 மணி இன்னும் நல்லதுங்களே? பிள்ளைங்க தூங்கிட்டே வருவாங்க, டிராஃபிக் இருக்காது, வெயில் ஏறுறதுக்குள்ள உளுந்தூர்பேட்டை.

ஆத்தூர் பைபாஸ்:

தம்பி, பிப்ரவரி கரும்பு வெட்டுற சீசன். கள்ளக்குறிச்சி பக்கம் ஆலைகளுக்குப் போற டிராக்டர் ரெட்டை டிரெய்லர்ல கரும்பை ஏத்திக்கிட்டு விடிய விடிய ஓடும். பின்னாடி லைட் இருக்காது, ரிஃப்ளெக்டர் இருந்தாலும் கரும்புத் தோகை மூடியிருக்கும். ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு லாரி. தலைவாசல் மார்க்கெட்டுக்கு விடிகாலையில காய்கறி வண்டிங்க குறுக்க வந்து திரும்பும். இருட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல போற டிராக்டர் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக்குக்கு நேரம் இருக்காது. தனியா ஓட்டுற டிரைவருக்கு அது வேற, குடும்பத்தோட போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தூரக் கணக்கு: சேலம்-ஆத்தூர் 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல, ஆத்தூர்-கள்ளக்குறிச்சி சுமார் 50, அங்கிருந்து தியாகதுருகம், எலவனாசூர் வழியா உளுந்தூர்பேட்டை 35 சொச்சம். உளுந்தூர்பேட்டையில இடது பக்கம் திரும்பி சென்னை ரோட்டுல விழுப்புரம் 40, விழுப்புரம்-பாண்டி 40. ஆக மொத்தம் 215ல இருந்து 220. நிறுத்தாம ஓட்டினா நாலு மணி நேரம், குழந்தையும் பெரியவங்களும் இருந்தா நாலரை.

விழுப்புரம் ஊருக்குள்ள போக வேண்டாம். ஊருக்கு முன்னாடியே ஜானகிபுரம் பக்கம் வலதுல பிரியற புதிய நாலு வழிச் சாலையைப் பிடிங்க. வளவனூர், கண்டமங்கலம் நெரிசல் மிச்சம். எம்.என்.குப்பம் பக்கம் பாண்டிக்கும் கடலூருக்கும் ரோடு பிரியும், பலகையைப் பார்த்து பாண்டி பக்கம் வாங்க, இல்லைன்னா கடலூர் பக்கம் இழுத்துட்டுப் போயிடும். மேட்டுப்பட்டி, நத்தக்கரை, கள்ளக்குறிச்சி தாண்டி ஒண்ணு, கடைசியா கெங்கராம்பாளையம்னு சுங்கச்சாவடிகள் வரும். ஃபாஸ்டேக்ல பணம் போதலைன்னா கூடுதலா கட்டணும், கிளம்பும் முன்னாடி பார்த்துடுங்க.

பெட்ரோல்: போக வர 440, உள்ளூர்ல ஆரோவில், சுண்ணாம்பாறு எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 500 கி.மீ. லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டின்னா 33, 34 லிட்டர். பாண்டியில பெட்ரோல் விலை வழக்கமா நம்ம பக்கத்தை விடக் குறைவு. இங்கே அரை டேங்க் போட்டுக் கிளம்பி, திரும்பும்போது அங்கே நிரப்பிக்கலாம். மது பாட்டில் மட்டும் வண்டியில ஏத்தாதீங்க. தமிழ்நாட்டு எல்லையில சோதனை இருக்கும், அங்கே வாங்கினதை இங்கே கொண்டு வர்றது குற்றம். கூட வர்றவங்க பையில ஒண்ணு இருந்தாலும் வண்டியோட நிக்கணும்.

முத்தியால்பேட்டை:

ஊருக்குள்ள வந்த பிறகு என்ன பண்ணணும்னு நான் சொல்றேன்.

முதல்ல ரூம். எல்லாரும் கடற்கரைக்குப் பக்கத்துல வெள்ளை நகரத்துலயே வேணும்னு கேட்பாங்க. அங்கே இருக்கிற பழைய பிரெஞ்சு வீட்டு விடுதிகள் அழகுதான், ஆனா பலதுல லிஃப்ட் கிடையாது, மரப்படி செங்குத்தா இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்க. போன்ல நாலு விஷயம் கேளுங்க: தரைத்தளத்துல ரூம் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, கார் நிறுத்த சொந்த இடம் இருக்கா இல்ல தெருவுலயா, சாயங்காலம் 6 மணிக்கு மேல கார் எந்தத் தெரு வழியா வரணும். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். கடற்கரைச் சாலையில மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. இது தெரியாம ரூம் போட்டுட்டு ராத்திரி பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடக்கிறவங்க நிறைய பேர்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மிஷன் வீதி, காந்தி வீதி பக்கம் லிஃப்ட்டும் பார்க்கிங்கும் உள்ள விடுதி கிடைக்கும். கடல் ஒரு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு மீட்டர் எதிர்பார்க்க வேண்டாம், ஏறும் முன்னாடி பேசிக்கோங்க. ஊருக்குள்ள ஒருவழிப் பாதைங்க அதிகம். வந்ததும் காரை நிறுத்திட்டு, ஆரோவிலுக்கும் படகுக்கும் மட்டும் எடுங்க.

ரெண்டாவது, கிழமை. மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. உங்க லிஸ்ட்டை அப்படியே வச்சுக்கிட்டா திங்கட்கிழமை பூட்டின கதவைத்தான் பார்ப்பீங்க. ஆரோவில்ல இருக்கிற மாத்ரி மந்திர் உள்ளே செவ்வாய்க்கிழமை விட மாட்டாங்க, அது உங்களைப் பாதிக்காது. அரவிந்தர் ஆசிரமம் காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6. மூணு வயசுக்குக் கீழே குழந்தைகளை உள்ளே அனுமதிக்கிறதில்லை. பொண்ணுக்கு ரெண்டரைன்னா ஒருத்தர் குழந்தையோட வெளியே இருந்து, அடுத்தவர் வந்ததும் மாத்திக்கணும். ஆசிரமத்துக்கு அடுத்த தெருதான் மணக்குள விநாயகர் கோயில், வெளியே இருக்கிறவங்க குழந்தையை அங்கே கூட்டிட்டுப் போகலாம். கோயில் யானை லட்சுமியைப் பார்க்கணும்னு பையன் கேட்டா முன்னாடியே சொல்லி வைங்க, 2022 நவம்பர் 30ஆம் தேதி அது இறந்துபோச்சு.

மூணாவது, திசை. ஆரோவில் ஊருக்கு வடக்கே 10, 12 கி.மீ. சுண்ணாம்பாறு படகுத்துறை தெற்கே நோணாங்குப்பத்துல, கடலூர் ரோட்டுல 8 கி.மீ. ரெண்டையும் ஒரே அரை நாள்ல வச்சா நடுவுல ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம்னு ரெண்டு சிக்னல்ல அரை மணி, முக்கால் மணி போயிடும். ஒரு காலை வடக்கு, ஒரு காலை தெற்கு.

அஸ்தம்பட்டி:

ரொம்ப நன்றிங்க. மாத்ரி மந்திர் உள்ளே போக முடியுமா? கடல்ல பசங்களைக் குளிக்க விடலாமா? பையன் மணல் வீடு கட்டணும்னு இப்பவே வாளி எடுத்து வச்சிருக்கான்.

முத்தியால்பேட்டை:

மாத்ரி மந்திர்ல ரெண்டு விதம் இருக்கு. வெளியே காட்சி மேடையிலிருந்து அந்தத் தங்கக் கோளத்தைப் பார்க்கிறது ஒண்ணு. அதுக்குப் பார்வையாளர் மையத்துல இலவச பாஸ், ஒரு சின்ன வீடியோ பார்க்கச் சொல்வாங்க, அப்புறம் மரத்தடிப் பாதையில ஒரு கிலோமீட்டர் போல நடை. முதியோருக்கு வண்டி உண்டு, பாஸ் வாங்கும்போதே அம்மாவைப் பத்திச் சொல்லிடுங்க. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை நம்பாதீங்க, காலை 9 மணிக்கே வாசல்ல இருங்க. உள்ளே தியான மண்டபத்துக்குப் போறது இன்னொண்ணு. அதுக்குப் பல நாள் முன்னாடி பதியணும், 10 வயசுக்குக் கீழே விட மாட்டாங்க. பையனுக்கு 9. இந்தத் தடவை காட்சி மேடையோட நிறுத்திக்கோங்க.

போற வழியில பையனுக்குச் சொல்ல ஒரு விஷயம்: ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்னைக்குத் தொடங்கினாங்க, 124 நாட்டு மண்ணைக் கொண்டு வந்து ஒரு தாழியில போட்டாங்க. மாத்ரி மந்திர் கட்டுமானம் 1971ல ஆரம்பிச்சு 2008ல முடிஞ்சது. 37 வருஷம்!

கடல் பத்தி விரிவா சொல்றேன், ஏன்னா வர்றவங்க தப்பா நினைக்கிறது இங்கதான். காந்தி சிலை இருக்கிற கடற்கரைச் சாலையில பெரும்பகுதி கருங்கல்தான். ஒரு காலத்துல அங்கே மணல் இருந்தது. கிழக்குக் கரையில அலை வருஷத்துல பெரும்பாலான மாதம் தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்திக்கிட்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று நேரத்துல மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் கடைசியில தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினதும் மணல் அந்தச் சுவருக்குத் தெற்கேயே தேங்கிடுச்சு. வடக்கே இருந்த மணலைக் கடல் எடுத்துக்கிட்டே போச்சு, புது மணல் வரலை. ஊரைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டினாங்க. கல் கொட்டின இடத்துல அரிப்பு நின்னு, அதுக்கு வடக்கே தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் பக்கம் வீடுகளை எடுக்க ஆரம்பிச்சது. பிறகு தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணிக்குள்ள ஒரு செயற்கைத் திட்டு வச்சது. அதுக்குப் பிறகு அந்த இடத்துல மட்டும் திரும்ப மணல் சேர்ந்தது.

அதனால மணல் வீடு கட்டணும்னா தலைமைச் செயலகம் எதிரே உள்ள மணல்ல கட்டலாம், இல்லைன்னா சுண்ணாம்பாறிலிருந்து படகுல போற தீவுக் கடற்கரை. அங்கே மணல் தாராளம். கல் மேல பிள்ளைகளை இறக்க வேணாம். பாசி பிடிச்சிருக்கும், சந்துல கால் மாட்டும், அடுத்த அலை தூக்கி அடிக்கும்.

குளியல் பத்தி: முழங்கால் ஆழத்துக்கு மேல பையனை விடாதீங்க, கையைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. இங்கே கடல் சட்டுனு ஆழமாகும். வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் கடலுக்குள்ள நீட்டின கல் சுவர்களை ஒட்டி இழுப்பு இருக்கும். அலை உடையாம ஒரு இடம் மட்டும் அமைதியா, கலங்கலா தெரிஞ்சா அது பத்திரமான இடம்னு தோணும், ஆனா கரைக்கு வந்த தண்ணி திரும்பக் கடலுக்குள்ள போற வாய்க்கால் அதுதான். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடக் கூடாது, களைச்சுப் போயிடுவோம். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்தா அலையே கரைக்குத் தள்ளும். மேட்டூர்ல காவேரியில நீந்தத் தெரியும்கிற தைரியத்துல கடல்ல இறங்காதீங்க. ஆத்து நீச்சல் வேற, இது வேற.

குகை:

கார் இல்லாதவங்களுக்கும் சொல்லுங்க. சேலத்திலிருந்து ரயில்ல போனா எப்படி?

டவுன் ஸ்டேஷன்:

ரயிலை நம்பி ரெண்டு நாள் பயணத்தைப் போட வேணாம். ராத்திரி சேலம்-எழும்பூர் ரயில் ஆத்தூர், விருத்தாசலம் வழியா விழுப்புரம் போகுது, ஆனா நடுச்சாமத்துல இறக்கி விடும். குடும்பத்தோட அந்த நேரத்துல ஸ்டேஷன்ல உட்கார்ந்து விடியறதுக்குக் காத்திருக்கணும்.

பஸ்ஸே நல்லது. புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரா பாண்டி வண்டி உண்டு, ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். நேர் வண்டி கிடைக்கலைன்னா காத்திருக்காம கள்ளக்குறிச்சி வழி விழுப்புரம் வண்டியைப் பிடிங்க. விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு வண்டி வந்துக்கிட்டே இருக்கும். பகல் பயணம்னா போகும்போது டிரைவருக்கு எதிர்ப்பக்கமா, அதாவது வடக்குப் பக்கமா உட்காரணும். கிழக்கே போற வண்டியில இடது பக்க சீட் வடக்கு. பிப்ரவரியில சூரியன் தெற்கே சாஞ்சு போறதால வலது பக்க சீட்டுக்கு நாலு மணி நேரம் வெயில். திரும்பும்போது வலது பக்கம் உட்காருங்க.

அங்கே போய் வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறதா இருந்தா கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியா பாருங்க. வாடகைக்குன்னு பதிவான வண்டி அதுதான். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுத்தா, விபத்து ஏதாவது ஆச்சுன்னா காப்பீடு கிடைக்காது. ஒரிஜினல் லைசென்ஸ், ஹெல்மெட் ரெண்டும் வேணும். வண்டியை எடுக்கும் முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க, பழைய கீறலுக்குப் பணம் கேட்கிற தகராறு அப்போ வராது.

ஏற்காடு மிளகு:

ஏற்காட்டிலிருந்து கிளம்புறவங்களுக்கு ஒரு குறிப்பு. கோரிமேடு இறங்கி சேலம் நகருக்குள்ள வந்து நெரிசல்ல மாட்ட வேணாம். குப்பனூர் மலைப்பாதை வழியா இறங்கினா அயோத்தியாப்பட்டணம் பக்கம் நேரா ஆத்தூர் ரோட்டைப் பிடிக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பெரிய ரோட்டை விட இது குறுகல், அதனால பகல்ல மட்டும், ரெண்டாவது கியர்ல. பிரேக்கை அமுக்கிக்கிட்டே இறங்கினா கீழே வரும்போது சூடாகி பிடிப்பு போயிடும். அடிவாரத்துல பத்து நிமிஷம் நிறுத்தி சக்கரம் ஆறின பிறகு நெடுஞ்சாலையில ஏறுங்க.

உடம்புக்கும் ஒரு எச்சரிக்கை. 1,500 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு ஒரே நாள்ல போறோம். சேலத்து வெயில் வறண்ட வெயில், வேர்வை உடனே காயும். பாண்டியில காத்துல ஈரம், வேர்வை காயாது, அதனால உடம்புச் சூடு இறங்காது. தாகம் தெரியிறதுக்கு முன்னாடியே குடிக்கணும். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு மூணு லிட்டர் வச்சா 15 லிட்டர். ஒரு 20 லிட்டர் கேனை டிக்கியில போட்டுக்கிட்டுப் போனா முதல் நாள் பாட்டில் வாங்கவே வேண்டாம். வயசானவங்களுக்கும் குழந்தைக்கும் ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட்.

செவ்வாய்ப்பேட்டை:

பிப்ரவரி விட்டுட்டா எந்த மாசம் போகலாம்? எங்க வீட்டுல மே லீவுலதான் முடியும்.

முத்தியால்பேட்டை:

டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் நல்லது. மே மாசம் கத்திரி. அந்த நேரத்துல பகல் நிலவரத்தைத் தீர்மானிக்கிறது கடல்காத்து. மதியம் 12, 1 மணிக்குக் கடல்காத்து உள்ளே வந்துட்டா சூடு இறங்கும். மேற்கேயிருந்து அடிக்கிற காத்து பலமா இருந்தா கடல்காத்தை மூணு மணி வரைக்கும் உள்ளே விடாது. அன்னைக்கு 40 டிகிரியை நெருங்கும். ஜூன், ஜூலையிலும் இது அடிக்கடி நடக்கும். மே மாசம் வர்றவங்க காலை 6 முதல் 9.30, மாலை 4.30க்கு மேலன்னு ரெண்டு துண்டா நாளைப் பிரிச்சுக்கோங்க, நடுவுல ரூம்.

அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழை. நவம்பர்ல முன்பணம் கட்டி ரூம் போடாதீங்க, இல்லைன்னா ரத்து பண்ணினா பணம் திரும்ப வருமான்னு எழுத்துல கேட்டுக்கோங்க. தானே புயல் 2011 டிசம்பர் 30ல பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறுச்சு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ல பாண்டி பக்கத்துல. துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டா சுண்ணாம்பாறு படகும் நிக்கும், கடற்கரையிலும் இறங்க விட மாட்டாங்க.

ஏற்காடு மிளகு:

ஃபெஞ்சல் நேரத்துல விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்துல நின்னுச்சு, அதே மழை மேற்கே வந்து ஏற்காடு மலைப்பாதையில மண் சரிஞ்சது. ஆக அந்த மாதிரி புயல்ல ரோட்டோட ரெண்டு முனையும் அடைபடும். கடலோரம் புயல், நம்ம ஊருக்கு என்னன்னு நினைச்சுக் கிளம்பிடக் கூடாது.

முத்தியால்பேட்டை:

உண்மை. இன்னொண்ணு, கூட்டம். புத்தாண்டு இரவு, மூணு நாள் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் 15 (அரவிந்தர் பிறந்த நாளும் அதுதான், ஆசிரமத்துல பெரிய வரிசை), பிப்ரவரி 21 ஆசிரமத்து அன்னை பிறந்த நாள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில தீர்த்தவாரி. மயிலம் முருகன் உட்பட சுத்து வட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடலுக்கு வந்து சேரும். அதைப் பார்க்கவே வரலாம், அவ்வளவு அழகு. ஊர் சுத்திப் பார்க்க மட்டும் அந்த நாள் ஆகாது. அஸ்தம்பட்டி, உங்க வருஷத்து நாள்காட்டியில மாசி மகம் எந்தத் தேதின்னு பார்த்துட்டு ரூம் போடுங்க.

குகை:

பிச்சாவரத்தையும் சேர்த்துக்கலாமா? பாண்டியிலிருந்து பக்கம்தானே.

டவுன் ஸ்டேஷன்:

கடலூர், சிதம்பரம் வழியா 70, 80 கி.மீ. வரும். மூணாவது இரவு இருந்தா சேர்த்துக்கலாம், சிதம்பரத்துல தங்கி காலையில முதல் படகுல போய், விருத்தாசலம் வழியா சேலம் திரும்பலாம். ரெண்டு இரவுல திணிச்சா பாண்டியும் அரைகுறை, பிச்சாவரத்துல உச்சி வெயில் படகும்தான் மிஞ்சும். அலையாத்திக் காட்டுக்குள்ள நிழல் இருக்கு, அதுவரைக்கும் போற திறந்த தண்ணியில நிழல் கிடையாது.

அஸ்தம்பட்டி:

எல்லாரும் சொன்னதை வச்சு மாத்திப் போட்டிருக்கேன். சனி 8.30 கிளம்பி 1 மணிக்கு ரூம், 4 மணிக்கு வெள்ளை நகரம் நடை, 6 மணிக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிறு விடிகாலை சூரிய உதயம், 9 மணிக்கு ஆரோவில், மதியம் ஓய்வு, 3 மணிக்கு மியூசியம், அப்புறம் ஆசிரமம். திங்கள் 9 மணிக்குச் சுண்ணாம்பாறு, 11.30க்கு அங்கிருந்தே சேலம். சரியா?

முத்தியால்பேட்டை:

நல்லா இருக்கு. ரெண்டு திருத்தம்.

ஞாயிறு மாலை காந்தி வீதியில சண்டே மார்க்கெட், தெரு முழுக்கத் துணிக்கடை, கூட்டம். உங்க ரூம் அந்தப் பக்கம் இருந்தா கார் வெளியே எடுக்கவே முடியாது, ஆரோவில்லிருந்து மதியம் திரும்பும்போதே சுத்துவழி கேட்டுக்கோங்க. ஆசிரமம் 6 மணிக்கு மூடுது. மியூசியத்தை 4.30க்கு முடிச்சா ரெண்டு பேரும் மாறி மாறிப் போக நேரம் சரியா இருக்கும். உள்ளே பேச்சு, போன், போட்டோ கிடையாது. மியூசியத்துல பையனுக்கு அரிக்கமேட்டு மணிகளைக் காட்டுங்க. 1945ல மார்ட்டிமர் வீலர்ங்கிற தொல்லியலாளர் தோண்டினப்போ ரோமானிய சாடி ஓடுகள் கிடைச்ச பழைய துறைமுக ஊர் அது. அரிக்கமேட்டுக்கே நேரா போனா தரைக்கு மேல பார்க்கிறதுக்கு அதிகம் இல்லை, பொருளெல்லாம் இங்கேதான்.

சனி நடையை ஆயி மண்டபத்துல ஆரம்பிங்க. அது இருக்கிற பாரதி பூங்காவுல உட்கார இடம் உண்டு, அம்மாவுக்கு நல்லது. மண்டபம், முத்திரையர்பாளையத்துத் தண்ணியை ஊருக்குக் கொண்டு வந்ததுக்கு நினைவா மூன்றாம் நெப்போலியன் காலத்துல கட்டினது. ஊருக்குக் குளம் வெட்டத் தன் வீட்டையே இடிச்ச ஆயியின் பேர் அதுக்கு. அங்கிருந்து கிழக்கே ரெண்டு தெரு நடந்தா துய்மா வீதி, அதைத் தாண்டினா கடல். காந்தி சிலை, 1836ல கட்டின பழைய கலங்கரை விளக்கம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. தெற்கே வந்தா மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்), 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்து, பழைய வடிவத்துலயே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. அதுவரைக்கும் முக்கால் கிலோமீட்டர், நடுவுல திண்டு திண்டா உட்காரலாம். பாரதி 1908லிருந்து பத்து வருஷம் இருந்த ஊர் இது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல அவர் வீடு நினைவகமா இருக்கு. ஞாயிறு மதியம் நேரம் மிஞ்சினா போங்க.

சூரிய உதயத்துக்கு 6.15க்கே கடற்கரையில இருங்க. உங்க சேலத்தை விட இங்கே ஏழு நிமிஷம் முன்னாடி விடியும். அந்த நேரத்துல ரோட்டுல வண்டி இருக்காது, பொண்ணை இறக்கி விட்டு ஓட விடலாம்.

ஆத்தூர் பைபாஸ்:

திங்கள் 11.30க்கு மேல தள்ளாதீங்க. 11.30க்குக் கிளம்பினா சாப்பாட்டுக்கு முக்கால் மணி போக, கள்ளக்குறிச்சி பைபாஸை 3 மணிக்கும் ஆத்தூரை 4 மணிக்குள்ளயும் தாண்டலாம். சூரியன் கண்ணுக்கு நேரா இறங்கும்போது மேட்டுப்பட்டி கிட்ட இருப்பீங்க. படகு வரிசை நீண்டுடுச்சுன்னா படகை விட்டுடுங்க. இல்லைன்னா ஒரேயடியா தங்கி 7 மணிக்கு மேல கிளம்பணும், அப்போ கரும்பு டிராக்டர் கதைதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வண்டிக்கு அடியில நல்ல தண்ணியில வாட்டர் வாஷ் பண்ணிடுங்க. மேல் பாடியைத் துடைச்சா போதாது. ரெண்டு ராத்திரி கடற்கரைக்குப் பக்கத்துல நின்ன வண்டியில சைலன்சர் மூட்டு, பிரேக் டிஸ்க், அடித்தகட்டு போல்ட் எல்லாத்திலும் உப்பு படிஞ்சிருக்கும். மேட் மடிப்புல மணல் இருந்தா அதையும் தட்டிடுங்க, ஈரமான மணல் தரைத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

அஸ்தம்பட்டி:

சரிங்கண்ணா. தரைத்தளத்துல ரூம் கேட்டு ரெண்டு இடத்துக்கு போன் போட்டிருக்கேன், ஒரு இடத்துல லிஃப்ட் உண்டு, பார்க்கிங் பின்தெருவுலன்னு சொல்லியிருக்காங்க. வாளியை டிக்கியில வச்சாச்சு.